தாழ்ப்பாள் துப்பாக்கியும் நொட்டாங்கையும்

முதல்லயே ஒரு டிஸ்கி போட்டுடறேன். இது துப்பாக்கிக்குக் கொடி பிடிக்கிற பதிவு இல்ல. எதிரா கொடி பிடிக்கிற பதிவும் இல்ல. பகல் பூரா பொட்டி தட்டுற ஒரு சாதாரண ஆசாமி, நாப்பத்தி சொச்சம் வயசுல, விஸ்கான்சின் மாநிலத்துல மான் வேட்டைக்கு ஒரு துப்பாக்கி வாங்கணும்னு கிளம்பி ரெண்டு வருஷம் முழிச்ச கதை. சைவ நண்பர்கள் இதோட அப்பீட் ஆகிக்கலாம், கோவிச்சுக்க மாட்டேன் :)

2022 அக்டோபர் கடைசில ஆரம்பிச்சுது. ஆபீஸ்ல ஆணி புடுங்கி முடிச்சு வீட்டுக்கு வந்துட்டு இருக்கேன். சுத்தியும் சோளக்காடு, நடுவுல ரெட்டை வழிப் பாதை. இந்த ஊர்ல அக்டோபர், நவம்பர்னா மான்களுக்குக் கல்யாண சீசன். கண்ணு மண்ணு தெரியாம ரோட்டுல குதிக்கும். குதிச்சுது. பிரேக் போட்டேன், பத்தல. எனக்கு ஒண்ணும் ஆகல, காருக்கு முன்பல்லு போச்சு. மானுக்குப் பின்னங்கால் ரெண்டும் போச்சு. ஆனா உசுரு போகல.

அந்தக் கால் மணி நேரத்தை நான் எழுதப் போறதில்ல. முன்னங்காலை மட்டும் ஊனி ஊனி எந்திரிக்கப் பாத்துட்டே இருந்துச்சுன்னு மட்டும் சொல்றேன். பக்கத்துப் பண்ணைல இருந்து ஒரு பெரியவர் டார்ச் எடுத்துட்டு வந்தார். போலீசுக்கு அவர்தான் போன் பண்ணினார். போலீஸ்காரர் வந்து, எங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, ஒரே வெடி. அவ்வளவுதான். பெரியவர் முறைப்படி பதிவு பண்ணிட்டு அந்த மானைக் கறிக்கு எடுத்துக்கிட்டார். வீணாக்கக் கூடாதுன்னார். மறுவாரம் அதுல ஒரு பொட்டலம் எங்க வீட்டு வாசல்ல வந்து உக்காந்திருந்துச்சு.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

எனக்கு ஊரு கோயமுத்தூருக்கு மேக்கால, மலையடிவாரம். அப்புச்சி தோட்டம் காட்டை ஒட்டி. சோளம், கடலைன்னு எது போட்டாலும் பாதி நமக்கு, பாதி காட்டுப்பன்னிக்கு. எனக்கு ஒம்பது வயசு இருக்கும்போது யாரோ எங்கயோ அவுட்டுக்காய் வெச்சிருக்காங்க. தெரியாதவங்களுக்கு: பழத்துக்குள்ள நாட்டு வெடிமருந்தை வெச்சு வழில போட்டுருவாங்க. பன்னி கடிச்சா வாயிலயே வெடிக்கும். அப்படி வெடிச்ச பன்னி ஒண்ணு எங்க கிணத்து மேட்டுக்கு வந்து நின்னுச்சு. தாடை இல்ல. வாய்க்கால்ல தண்ணி ஓடுது, குடிக்க முடியல. மூணு நாள் நின்னுச்சுங்க. கிட்டப் போறதுக்கு ஒருத்தருக்கும் தைரியம் இல்ல. ஊருல ஒருத்தர்கிட்டயும் துப்பாக்கி இல்ல. மூணாம் நாள் சாயங்காலம் தானா விழுந்துச்சு. அன்னிக்கு அப்புச்சி சொன்னது இன்னும் காதுல இருக்கு. "கொல்றதுன்னா ஒரே அடில கொன்னு போட்டரோணும் கண்ணு. இப்படி உட்டுப்போட்டுப் போறது மாதிரி பாவம் வேற இல்ல."

முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தப் பன்னியை யார்கிட்டயும் நான் சொன்னதில்ல. அந்த அக்டோபர் ராத்திரிதான் தங்கமணிகிட்ட சொன்னேன்.

சரி, வேட்டைக்கு எப்படி வந்தேன்? பெரியவர் வீட்டுக்கு நன்றி சொல்லப் போனவன் அப்படியே ஒட்டிக்கிட்டேன். பால் மாடு வெச்சுப் பொழைச்ச மனுசன். இப்ப மாடு இல்ல, கொஞ்சம் காடு மட்டும் இருக்கு. அவர்தான் கேட்டார் (அவரோட இங்கிலீஷை நம்மூரு பாஷைக்கு மாத்திச் சொல்றேன்): "நீ கறி திங்கிற ஆளுதானே தம்பி? யாரோ கொன்னு, யாரோ வெட்டி, பிளாஸ்டிக்ல சுத்திக் குடுக்கறதைத் திங்கற. ஒரு தடவையாச்சும் அந்தக் கணக்கை நீயே பாரு."

இந்த ஊர்ல இது வெறும் பொழுதுபோக்கும் இல்லைங்க. விஸ்கான்சின்ல மான் பத்து லட்சத்துக்கும் மேல. ஓநாய் இருக்கிறது பெரும்பாலும் வடக்குக் காட்டுல. எங்க பக்கம் மானுக்குப் பயம்னா அது காரும் வேட்டைக்காரனும்தான். எங்க வீட்டுல இருந்து கொஞ்ச தூரத்துல பாராபூ ஊர்ப்பக்கம் ஆல்டோ லியோபோல்டோட மரக்குடிசை இருக்கு. விஸ்கான்சின் பல்கலைல பேராசிரியரா இருந்தவர். 1948ல இறந்துட்டார், 'எ சாண்ட் கவுண்டி அல்மனாக்' மறுவருஷம் புத்தகமா வந்துச்சு. அதுல ஒரு கட்டுரை. இளவயசுல ஒரு ஓநாயைச் சுட்டுட்டு, அது கண்ணுல இருந்த பச்சை வெளிச்சம் அணையறதைப் பாத்தவர். ஓநாய் இல்லாத மலைல மான் பெருகி, பெருகின மானே மலையை மொட்டை அடிக்கிறதைப் பின்னால புரிஞ்சுக்கிட்டார். அப்புறமும் அவர் வேட்டையை விடல. ஆனா எதுக்குன்னு கேட்டுக்கிட்டே வேட்டையாடினார். அந்தக் குடிசை வாசல்ல நின்னப்பதான் நான் முடிவு பண்ணினேன்னு நினைக்கிறேன்.

தங்கமணி? "ஏங்க, உங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கா? இந்த நாட்டுல, சின்னப் பையன் இருக்கற வீட்டுல, துப்பாக்கியா?" அதோட ஃபுல்ஸ்டாப். ஒரு வருஷம் அந்தப் பேச்சே இல்ல.

அவ சொன்னதுல தப்பே இல்ல. எங்க பையனுக்கு அப்ப எட்டு வயசு. ஸ்கூல்ல லைட்டை அணைச்சிட்டு, மேசைக்கு அடில சத்தம் போடாம உக்கார்ற பயிற்சி நடத்துவாங்க. நம்ம காலத்துல மழைக்கு லீவு விட்டது மாதிரி, இவனுங்களுக்கு இது சாதாரணம். நானும் தங்கமணியும் பேசறதைக் கேட்டுட்டு அவன் கேட்டான். "அப்பா, அது ஸ்கூலுக்கு வர்ற துப்பாக்கியா?"

பதில் சொல்ல வாய் வரல மக்கா. இப்பவும் சரியான பதில் என்கிட்ட இல்ல.

அதனால துப்பாக்கியை விட்டுட்டு முதல்ல வகுப்புக்குப் போனேன். 1973 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பொறந்தவங்க இங்க வேட்டை லைசென்ஸ் எடுக்கணும்னா பாதுகாப்பு வகுப்பு முடிக்கணும். போய்ப் பாத்தா சுத்தியும் பன்னெண்டு வயசுப் பொடிசுங்க. நடுவுல தொப்பையோட நான். நாலு விதி சொல்லித் தருவாங்க. எல்லாத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாவே நினை. குழல் எப்பவும் ஆபத்தில்லாத பக்கம் பாத்திருக்கட்டும். எதைச் சுடறேன்னும் அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னும் உறுதியாத் தெரிஞ்சுக்கோ. சுடற வரைக்கும் விரல் ட்ரிக்கர் கூண்டுக்கு வெளியே. இதுல கடைசியை நான் தப்பு பண்ண, பக்கத்துல இருந்த பொண்ணு "சார், விரல்" அப்படின்னுது. பன்னெண்டு வயசு! வெக்கமாப் போச்சு, ஆனா அந்த விரல் அப்புறம் தப்பு பண்ணல.

சர்டிபிகேட்டோட வந்தப்ப தங்கமணி அதை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தா. அப்புறம் ஒரே ஒரு கேள்வி. "அந்தத் துப்பாக்கியை, வீட்டுல இருக்கும்போது துப்பாக்கியா இல்லாம வெச்சிருக்க முடியுமா?"

முடியும். அதுக்குத்தான் போல்ட் ஆக்‌ஷன்.

புரியற மாதிரி சொல்றேன். நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை யோசிச்சுக்கோங்க. கொண்டியைத் தூக்கி, பின்னால இழுத்தா கதவு திறக்கும். முன்னால தள்ளி, கீழ இறக்கினா பூட்டிக்கும். போல்ட் ஆக்‌ஷனும் அதேதான். தூக்கி இழுத்தா சுட்ட தோட்டாக் கூடு வெளிய விழும். தள்ளி இறக்கினா அடுத்த தோட்டா குழல்ல ஏறிப் பூட்டிக்கும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால இந்த வேலையைச் செய்யணும். அந்தத் தாழ்ப்பாளுக்குள்ளதான் தோட்டாவைக் குத்தற ஊசியும் இருக்கு. அதை முழுசா உருவிட்டா மிச்சம் இருக்கறது ஒரு இரும்புக் குழாயும் ஒரு கட்டையும்தான். உருவறதுக்குப் பத்து செகண்ட்கூட ஆகாது.

தங்கமணியோட நிபந்தனை மூணு. ஒண்ணு, துப்பாக்கி இரும்பு அலமாரில பூட்டியிருக்கணும். ரெண்டு, தோட்டா வேற இடத்துல, வேற பூட்டுல. மூணு, போல்ட் அவகிட்ட. எங்க வெச்சிருக்கான்னு நான் கேக்கக் கூடாது.

டீல்னு சொன்னேன். இப்பத்தான் மேட்டரே ஆரம்பம்.

போல்ட் ஆக்‌ஷன் நமக்கு ஒண்ணும் புதுசில்லைங்க. நம்மூரு போலீஸ்காரர் தோள்ல ரொம்ப வருஷம் தொங்கின 'த்ரீ நாட் த்ரீ' இதே ஜாதிதான். காலேஜ்ல என்சிசி கேம்ப்ல எனக்குக் குடுத்த பாயிண்ட் டூ டூவும் அப்படித்தான். படுத்துக்கிட்டு அஞ்சு குண்டு சுடணும். நான் நொட்டாங்கைக்காரன். சோறு தவிர எல்லாம் இடது கைதான். துப்பாக்கிக் கொண்டியோ வலப்பக்கம். ஹவில்தார் என்ன பண்ணுவார், இருக்கற துப்பாக்கியைத்தானே குடுக்க முடியும்? வலது தோள்ல வெச்சு, வலது கண்ணால சுட்டேன். அஞ்சுக்கு அஞ்சும் அட்டைலயே படல. "உன் எதிரி நூறு வயசு வாழ்வான்"னு சொல்லிச் சிரிச்சார்.

அந்தக் கதையைக் கேட்டுட்டுப் பெரியவர் என் ரெண்டு கையையும் நீட்டி முக்கோணம் மாதிரி சேர்க்கச் சொன்னார். அந்த ஓட்டைக்குள்ள தூரத்துல ஒரு மரத்தைப் பாக்கணும். அப்புறம் ஒவ்வொரு கண்ணா மூடணும். எந்தக் கண்ணு திறந்திருக்கும்போது மரம் ஓட்டைக்குள்ளயே நிக்குதோ அதுதான் ராஜா கண்ணு. எனக்கு இடது. "கையும் இடது, கண்ணும் இடது. உன்னைப் போயி வலது பக்கமா சுட வெச்சிருக்காங்க. நீ மோசமான ஆளு இல்லப்பா, தப்பான கட்டையைப் புடிச்சிருந்த, அவ்வளவுதான்." இருபத்தஞ்சு வருஷப் பாரம் சட்டுனு இறங்கின மாதிரி இருந்துச்சு :)

கடைக்குப் போனோம். ஒரு சுவர் முழுக்கத் துப்பாக்கி. விக்கிற பையன் என்னைப் பாத்ததும் .300 வின்செஸ்டர் மேக்னத்தை எடுத்து நீட்டினான். யானைக்குட்டியே சாயும்ங்கற ரேஞ்சுக்குப் பேசறான். பெரியவர் அதை வாங்கி மெதுவாத் திருப்பி வெச்சார். "முதல் தடவை இது உதைக்கிற உதைல ரெண்டாம் தடவை நீ ட்ரிக்கரைத் தொடும்போதே கண்ணை மூடிருவ. கண்ணை மூடிக்கிட்டுச் சுட்டா மான் சாகாது, அடிபட்டு ஓடும்."

அடிபட்டு ஓடும். எனக்குக் கிணத்து மேடு ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் எந்தத் துப்பாக்கியைக் கையில எடுத்தாலும் ஒரே கேள்விதான். இதை வெச்சு நான் ஒரே அடில முடிப்பேனா?

தோட்டாவுல இருந்து ஆரம்பிச்சோம். இங்க மான் வேட்டைக்குப் பழைய ராஜா .30-06. அமெரிக்க ராணுவம் 1906ல கொண்டு வந்தது, எல்லாத்துக்கும் போதும், ஆனா உதை ஜாஸ்தி. அதோட தம்பி .308, 1952ல வந்தது. கொஞ்சம் குட்டை, கொஞ்சம் சாது. 1955ல வந்த .243 ரொம்ப மென்மை, ஆனா குண்டு சின்னது, சுடறவன் கெட்டிக்காரனா இருக்கணும். இப்ப எல்லாரும் பேசற 6.5 கிரீட்மோர் 2007ல வந்தது. குறி அட்டைக்காகப் பொறந்தது, மானுக்கும் நல்லாவே வேலை செய்யும். இதுக்கு நடுவுல யாரும் ஜாஸ்தி பேசாத ஒண்ணு, 7எம்எம்-08. .308 கூட்டோட கழுத்தை 7 மில்லிமீட்டர் குண்டுக்குச் சுருக்கினது. 1980ல ரெமிங்டன் கடைக்குக் கொண்டு வந்தாங்க. உதை கம்மி, வேலை கச்சிதம்.

இதுல ஒரு சுவாரசியம். ஜிம் கார்பெட்டோட பிரபலமான .275 ரிக்பி இருக்கில்லையா, சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதுக்காக 1907ல அவருக்குப் பரிசாக் குடுத்தது? அதுவும் மாசர் வகை போல்ட் ஆக்‌ஷன்தான். .275 ரிக்பிங்கறது 7x57 மாசர் தோட்டாவுக்கு இங்கிலீஷ்காரன் வெச்ச பேரு. குண்டு அதே 7 மில்லிமீட்டர். வேகமும் எடையும் நம்ம 7எம்எம்-08க்குக் கிட்டத்தட்டச் சமம். குமாவுன் காட்டுல புலிக்குப் போதுமா இருந்தது விஸ்கான்சின் மானுக்குப் பத்தாதா? (கார்பெட்டோட நெஞ்சழுத்தம் கடைல கிடைக்காதுங்கறது வேற விஷயம்.)

அடுத்தது துப்பாக்கி. எல்லாத்துக்கும் தாத்தா ஜெர்மனியோட மாசர் 98. 1898ல வந்தது. தோட்டாவோட அடியை ஒரு பெரிய நகம் மாதிரி ஆரம்பத்துலயே கவ்விப் புடிச்சு உள்ள கொண்டு போகும், அதே நகம் வெளிய இழுக்கும். வின்செஸ்டர் 70 (1936) அந்த வழிதான். 1964ல செலவைக் குறைக்கிறோம்னு நகத்தை எடுத்தாங்க. வேட்டைக்காரங்க அதை மன்னிக்கவே இல்ல. 1964க்கு முந்தினதுன்னா இன்னிக்கும் தனி மவுசு. ரெமிங்டன் 700 (1962) தோட்டாவைச் சும்மா முன்னால தள்ளும், செய்யறது சுலபம், துல்லியமும் நல்லா இருக்கும். மானுக்கு ரெண்டுமே போதும்ங்கறார் பெரியவர். பின்லாந்துக்காரன் டிக்கா டி3எக்ஸ் எடுத்துக் கொண்டியை இழுத்துப் பாத்தேன். வெண்ணெய்ல கத்தி மாதிரி போகுது. விலைச் சீட்டைப் பாத்தேன். திருப்பி வெச்சுட்டேன். ரூகர் அமெரிக்கன் விலை சல்லிசு, வேலை சுத்தம். ஆனா அன்னிக்குக் கடைல இருந்தது எல்லாமே வலது கை.

வலது கைத் துப்பாக்கியை இடது தோள்ல வெச்சும் சுடலாம்தான். ஆனா ஒவ்வொரு தடவையும் ட்ரிக்கர் கையை எடுத்து, மேல சுத்திக் கொண்டு போயி அந்தப் பக்கக் கொண்டியைத் தூக்கணும். தோள்ல இருந்து கட்டை நகரும், கண்ணு ஸ்கோப்பை விட்டுப் போகும். முதல் குண்டு சரியா விழலைன்னா ரெண்டாவதுதான் அந்த உசுருக்கு நாம பண்ற ஒரே உதவி. அதுல மூணு செகண்ட் போனா மான் காட்டுக்குள்ள போயிரும்.

கடைசில ஒரு பழைய துப்பாக்கி வரிசைல, மூலைல நின்னுச்சு. ஒரு சாவேஜ். கொண்டி இடது பக்கம்! சாவேஜ் 110ங்கற வகை 1958ல வந்தது. இடது கைக்காரங்களையும் மனுசனா மதிச்சு ஆரம்ப காலத்துலயே அவங்களுக்குத் தனியா செஞ்ச கம்பெனி. குழல் பக்கத்துல பொறிச்சிருந்ததைப் படிச்சேன். 7எம்எம்-08. சாமி சத்தியமா நானே நம்பல.

அழகில்ல. கறுப்புப் பிளாஸ்டிக் கட்டை, ரெண்டு கீறல். பெரியவர் சொன்னார்: "கண்ணை மூடு. தோள்ல வை. இப்பத் திற." திறந்தேன். பாக்க வேண்டிய இடத்துல கண்ணு தானா நின்னுச்சு. பாதுகாப்பு விசை கட்டையோட கழுத்து மேல நடுவுல, ரெண்டு கைக்கும் பொது. ட்ரிக்கர் இழுவை குறைவு, ஒரே இடத்துல கண்ணாடி உடையற மாதிரி விடுது. நான் அஞ்சடி அஞ்சு அங்குலம், கட்டை கொஞ்சம் நீளம்தான், பனிக்கோட்டு போட்டா இன்னும் இடிக்கும். அதைக் குறைச்சுக்கலாம்னுட்டார். குழலுக்குள்ள லைட் அடிச்சு, துரு இல்லையான்னு பாத்தார். சரின்னு தலையாட்டினார்.

அப்புறம் 4473ங்கற பாரம். நான் பச்சை அட்டைக்காரன், வாங்கலாம். பாரத்துல முதல் பேரு, நடுப் பேரு, கடைசிப் பேரு. நம்மளுக்கு இருக்கறதே ஒரு பேரும் ஒரு இனிஷியலும். பாஸ்போர்ட்ல அப்பா பேரு எனக்குப் பேராவும், என் பேரு அப்பாவுக்குப் பேராவும் கிடக்கு. எஃப்பிஐ பின்னணிச் சோதனைல 'சரி', 'பொறு', 'முடியாது'ன்னு மூணு பதில் உண்டு. எனக்கு 'பொறு'. அப்பா பேரைத் தேடிட்டு இருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டேன் :) ரெண்டு நாள் கழிச்சு 'சரி' வந்துச்சு. துப்பாக்கியும் தோட்டாவும் விக்கும்போது தயாரிக்கறவங்ககிட்ட வரி வாங்கிக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குக் குடுக்கணும்னு 1937ல இருந்தே சட்டம் இருக்கு. அந்த ஒரு வரியை நான் மனசாரக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, போல்ட்டை உருவித் தங்கமணி கைல குடுத்தேன். துணில சுத்தி எடுத்துட்டுப் போனா. அப்புறம் பையனைக் கூப்பிட்டேன். குழலோட பின்பக்கத்துல கண்ணை வெச்சு ஜன்னல் வெளிச்சத்தைப் பாக்கச் சொன்னேன். உள்ள நெளிநெளியா வரி ஓடும். ரொம்ப நேரம் பாத்தான். "இது பைப்புதானேப்பா." ஆமாடா, இப்ப பைப்புதான். "அம்மாகிட்ட இருக்கறது வந்தா?" அப்ப துப்பாக்கி. அதனாலதான் அது அம்மாகிட்ட இருக்குன்னேன். அவன் கேட்ட பழைய கேள்விக்கு இது பதில் இல்லைன்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரிஞ்சிருக்கும்.

2024 கோடை முழுக்கப் பயிற்சி. 3-9 ஸ்கோப் ஒண்ணு மாட்டி, முதல்ல 25 கஜம், அப்புறம் 100 கஜம். ஸ்கோப் திருகை ஒரு சொடுக்கு திருப்பினா 100 கஜத்துல கால் அங்குலம் நகரும். மூணு குண்டு, அளவு, சொடுக்கு, மறுபடி மூணு. மேசைல வெச்சு ஒரு அங்குலத்துக்குள்ள விழ ஆரம்பிச்சதும் நான் குதிச்சேன். பெரியவர் மேசையை எடுத்துட்டார். "காட்டுல மேசை இருக்காது." எட்டு அங்குலக் காகிதத் தட்டு ஒண்ணை நட்டார். மானோட நெஞ்சும் நுரையீரலும் சேர்ந்த இடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். உக்காந்து சுடணும். பத்துக்குப் பத்து விழற தூரம்தான் உன் தூரம், அதுக்கு ஒரு கஜம் தாண்டியும் சுடக் கூடாது. என் தூரம் 80 கஜம்னு தெரிஞ்சுது. துப்பாக்கி முந்நூறு கஜத்துக்குப் போகும். நான் எண்பதுதான். அந்த எண்ணைக் கண்டுபிடிச்சதுதான் அந்தக் கோடைல நான் உருப்படியாப் பண்ணின வேலை.

குண்டு செம்பு. ஈயம் உள்ள போயி சிதறும், கறில தூளாக் கலக்கும். திங்கப் போறவன் என் பையன். கலிஃபோர்னியாவுல 2019 ஜூலைல இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாதுன்னுட்டாங்க. அங்க காண்டோர்ங்கற பெரிய கழுகு ஈயம் தின்னே அழிஞ்சுட்டு இருந்துச்சு. விலை கூடத்தான். நான் சுடப் போறது வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ.

2024 நவம்பர் 23, சனிக்கிழமை. சீசன் முதல் நாள். காலைல நாலு மணிக்குச் சமையல்கட்டுல லைட் எரியுது. தங்கமணி காபி போட்டு வெச்சிருக்கா. பக்கத்துல துணில சுத்தின போல்ட். ஒண்ணும் பேசல. நான் கிளம்பும்போது மட்டும், "அந்தப் பன்னி ஞாபகம் இருக்கட்டும்" அப்படின்னா.

ஆரஞ்சுக் கோட்டும் தொப்பியுமா, பஸ்ஸைத் தவற விட்ட சாமியார் மாதிரி மரத்தடில உக்காந்தேன். (மனுசனுக்குப் பளிச்னு தெரியற அந்த நிறம் மான் கண்ணுக்குப் பளிச்னு தெரியாது.) ஏழரை மணிக்கு ஒரு கிடா. நல்ல கொம்பு. அறுபது கஜம். நேரா என்னைப் பாத்து நிக்குது. நெஞ்சு தெரியல. ஸ்கோப்ல பாத்துட்டே இருந்தேன். திரும்பினா சுடலாம். திரும்பல. அப்படியே பின்வாங்கிப் போயிருச்சு. சாயங்காலம் பெரியவர் கேட்டார், சத்தமே வரலையேன்னு. திரும்பலைன்னேன். ஒண்ணும் சொல்லல, தன்னோட ஃபிளாஸ்க்கை என் பக்கம் நகர்த்தினார்.

ரெண்டாம் நாளும் ஒண்ணும் இல்ல. லீவு போட்டிருந்த திங்கக்கிழமை சாயங்காலம் ஒரு பெட்டை. பக்கவாட்டுல நின்னுச்சு. ஐம்பது கஜம். பாதுகாப்பு விசையைத் தள்ளினேன். உதைச்சதே தெரியல. நாப்பது அடி ஓடி விழுந்துச்சு. என் இடது கை தானாவே கொண்டியைத் தூக்கி இழுத்துத் தள்ளியிருக்கு. சுட்ட கூடு இடப்பக்கம் இலை மேல கிடக்கு. ரெண்டாவது தோட்டாவுக்கு வேலை இல்ல. அரை மணி நேரம் உக்காந்திருந்துட்டுத்தான் போனேன். கை நடுக்கம் நிக்கல. சந்தோஷம்னு சொல்ல மாட்டேன், துக்கம்னும் சொல்ல மாட்டேன். எங்க ஊர்ப் பேச்சுல அதுக்கு ஒரு வார்த்தை இருந்தா அப்புச்சிக்குத் தெரிஞ்சிருக்கும்.

வீட்டு வாசல்ல ஷூவைக் கழட்டறதுக்கு முன்னாடி போல்ட்டை உருவிக் குடுத்தேன். வாங்கிக்கிட்டே கேட்டா. "ஒரே அடிதானே?"

"ஒரே அடிதான்."

தலையை நோய்ச் சோதனைக்குக் குடுத்தோம். இங்க 2002ல இருந்து மானுக்கு ஒரு மூளை நோய் இருக்கு, சோதனை இலவசம். நோய் இல்லைன்னு முடிவு வந்த அப்புறம்தான் அடுப்புல ஏத்தினா. மல்லி வறுத்து, தேங்காய் அரைச்சு, வெள்ளாட்டுக் கறிக் குழம்பு மாதிரியே. பையன் ரெண்டு தடவை வாங்கினான். பெரியவர் தண்ணி குடிச்சுக் குடிச்சு மூணு தடவை வாங்கினார்.

பின்குறிப்பு: எச்1பி நண்பர்கள் கவனத்துக்கு. அந்த மாதிரி விசால இருக்கறவங்களுக்கு இங்க துப்பாக்கிக்குப் பொதுவாத் தடை உண்டு. மாநிலம் குடுத்த செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் இருந்தா விதிவிலக்கும் உண்டு. என் பதிவை நம்பி இறங்காம, ஒரு வக்கீலைக் கேட்டுட்டு எதையும் தொடுங்க.

இன்னொண்ணு. போன வாரம் சும்மா எண்ணெய் போட்டு வெக்கலாம்னு போல்ட்டைக் கேட்டேன். "இடம் மாத்திட்டேன். நவம்பர்ல கேளுங்க"ன்னுட்டா. நானும் தேடல.